இங்கிலீஷ் பக்கம் மட்டும்தான் தொட்டேன்

கூடலூர்
2.8.2009, ஞாயிறு

தம்பி நவாஸுக்கு நாகஜோதி எழுதுவது.

எந்த நாகஜோதி என்று யோசிக்காதே. கம்பத்தில் அழகுமலை அண்ணன் கம்ப்யூட்டர் சென்டரில் உனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து தமிழ் டைப் அடித்தவள். உன் டீயில் பாதியைக் குடித்தவள் என்றால் இன்னும் சீக்கிரம் ஞாபகம் வரும். போன வாரம் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். நீ சென்னையில் பெரிய கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி, விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்கள். போனில் கேட்டால் "ஆகட்டும்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் மேஜையில் கிடந்து உன்னை முறைக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு காரியம் ஆக வேண்டும். உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீசில் தமிழ் டைப் அடிக்க ஆள் எடுக்கிறார்கள். முன்பு எங்கே வேலை பார்த்தாய், கூட இருந்தவர் யாராவது எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள். அழகுமலை அண்ணன் இப்போது தேவதானப்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். "உனக்கு நல்லபடியா எழுதிக் குடுத்தா நாளைக்கு என்னையக் கேப்பாக ஆத்தா, ஆளை விடு" என்றார். அவர் மேல் தப்பில்லை. மிச்சம் இருப்பது நீதான்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பாயா? கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அம்மாவோடு ஜீப்பில் மலைக்குப் போகிறேன். விடியும்போது ஏறினால் குமுளி தாண்டி ஏலத்தோட்டம். நாள் முழுக்கச் செடி அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் எடுக்க வேண்டும். ஏழு வருஷம் எடுத்தாயிற்று. முட்டி போய்விட்டது. விரல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதையும் அட்டைப் பூச்சிக்குக் கொடுப்பதற்குள் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசை. என் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். அவரும் சரி என்றுவிட்டார்.

பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை இவள் என்னோடு வேலை பார்த்தாள் என்று இரண்டு வரி போதும்.

உன் அக்கா,
நாகஜோதி


சென்னை
13.8.2009

அன்புள்ள நாகஜோதி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ள போடும்போது ஒரு சுழி அதிகமாக வரும் உங்களுக்கு. அதற்காக அன்றைக்கு நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். கம்பெனித் தாளில் எழுதினால் மதிப்பு இருக்கும் என்று மேலாளரிடம் கேட்டு அதில் எழுதியிருக்கிறேன். இரண்டு வரி போதும் என்றீர்கள். ஒரு பக்கம் ஆகிவிட்டது. நீங்கள் அதற்குத் தகுதியானவர்தான் அக்கா.

நீங்கள் மலைக்குப் போவது எனக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. வேறு ஏதாவது சென்டரில் சேர்ந்திருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. நினைக்காமல் இருந்தேன்.

அந்தக் கார்டு விஷயம் எல்லாம் பழைய கதை. யாரும் அதையெல்லாம் இப்போது ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். நீங்களும் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் இதுபோல ஆயிரம் நடக்கும்.

வேலை கிடைத்ததும் எழுதுங்கள். முட்டிக்கு நல்ல மருத்துவரைப் பாருங்கள்.

அன்புடன்,
நவாஸ்


கூடலூர்
30.8.2009, ஞாயிறு

தம்பி நவாஸுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இது யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று நானே இரண்டு முறை பார்த்தேன். "தன் பணிக்காலத்தில் ஒரு பிழைகூடச் செய்யாத தட்டச்சர்." அடேயப்பா. கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு பொய் எழுத மாட்டார்கள்.

அந்த வரிதான் என்னை மாட்டிவிட்டது. பள்ளிக்கூட ஆபீசர் அதைச் சத்தமாகப் படித்தார். கமிட்டி ஆள்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் யார் தெரியுமா? உன் தாய்மாமா, சேக் தாவூது ராவுத்தர். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு பிழைகூடச் செய்யாத பிள்ளைன்னு எழுதிருக்காப்ல. சந்தோசம். அப்பறம் அந்தக் கார்டு எப்பிடியாத்தா அப்பிடி ஆச்சு? இதுக்கு மட்டும் பதில் சொல்லு, நானே ஒன்னைய உக்கார வைக்கிறேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஏழு வருஷமாக இல்லை.

நீ அந்த வாரமே சென்னைக்குப் போய்விட்டாய். பின்னால் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். முழுதையும் எழுதுகிறேன், ஏனென்றால் கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

மலைக்குப் போகிற பொம்பளைகளுக்கு அடையாள அட்டை போட வேண்டும் என்று உன் மாமா தோட்டத் தொழிலாளர் சங்கச் செயலாளராக இருந்தபோது ஆரம்பித்தார். அதுவரை எங்களை ஜீப் கணக்கில்தான் எண்ணுவார்கள். 'ஒச்சாண்டி ஜீப், பதினாலு ஆள்.' அவ்வளவுதான், பெயர் கிடையாது. நான் விடிகாலையில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய் ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டு நோட்டில் எழுதி வந்து அடித்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். அடித்து முடித்து, ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் டிக் போட்டுச் சரி பார்த்தேன். அப்புறம்தான் நீ கார்டில் தமிழோடு வர வேண்டிய இங்கிலீஷ் பெயர்களை ஒழுங்கு பண்ணினாய். பிளாப்பியோடு என் நோட்டும் மதுரைக்குப் போனது, நோட்டு திரும்ப வரவே இல்லை. கார்டாக வந்தது.

சாக்கைப் பிரித்தது நான்தான். முதல் கார்டு எங்கள் அம்மாவுடையது. இருளம்மாள் என்று இருக்க வேண்டும். 'இரளம்மாள்' என்று இருந்தது. கஸ்தூரியம்மாள் 'குஸ்தூரியம்மாள்' ஆகியிருந்தாள். ஜீப்காரர்களுக்கும் எனக்கும்கூடக் கார்டு போட்டிருந்தார்கள். ஜீப்காரர் ஒச்சாண்டி 'ஓச்சாண்டி'. என் பெயரில் நா இருக்க வேண்டிய இடத்தில் நு நின்றது, பக்கத்தில் ஒரு கால் தனியாக நொண்டிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் என்று பதினோரு பேர் இருந்தார்கள், அந்தப் பதினோரு பேருக்கும் மட்டும் சரியாக இருந்தது. எல்லாமே குப்பையாக இருந்தால் மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். பாதி சரி, பாதி தப்பு என்றால் அடித்தவள் கண்ணை எங்கேயோ வைத்திருந்தாள் என்றுதானே அர்த்தம்?

அழகுமலை அண்ணன் உனக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் இங்கிலீஷ் பக்கம் மட்டும்தான் தொட்டேங்கிறான். தமிழ்ப் பக்கம் நீதான் பாத்திருக்கணும்ங்கிறான்" என்றார். அதோடு முடிந்தது. உன் மாமா கார்டுகளைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டு, தானும் பொறுப்பை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பத்தில் இருக்கிற எந்தச் சென்டரும் என்னைச் சேர்க்கவில்லை. அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள். "ஊரு பூராம் பேரைக் குடுத்துச்சு, நீ மண்ணாக்கிட்ட." அடுத்த திங்கள்கிழமை என்னையும் ஜீப்பில் ஏற்றினாள்.

நான் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கிறவள். உனக்குத் தெரியும். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. அன்றைக்குப் போனது அது. இப்போது ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டாலும் மூன்று முறை திரும்பப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தையும் பார்ப்பேன். என் கை எப்போது என்ன செய்யும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

கேட்க வேண்டியது இதுதான். நீ படித்தவன். இவ்வளவு பேரையும் ஒருத்தி இப்படித் தப்பாக அடிக்க முடியுமா? டிக் போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். அந்த ஞாபகமும் பொய்யா? வரும் ஏழாம் தேதி கமிட்டி மறுபடி கூடுகிறது. அதற்குள் எழுது.

நாகஜோதி


சென்னை
12.9.2009

நாகஜோதி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. ஏழாம் தேதி போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதாமல் இருந்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் ஞாபகம் பொய் இல்லை. நீங்கள் ஒரு பெயரைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. கெடுத்தது நான்.

எப்படி என்று எழுதுகிறேன். உங்கள் தமிழ்ப் பெயர்கள் இருந்த அட்டவணையில், பக்கத்துப் பத்தியில் இங்கிலீஷ் பெயர்களை நான்தான் ஏற்றினேன். சோம்பலில் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அடித்துவிட்டேன். மாமா பார்த்துவிட்டு, "என்னடா இது தந்தி வந்த மாதிரி இருக்கு, மொத எழுத்து மட்டும் பெருசா வையி" என்றார். உட்கார்ந்து மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ளட்டும் என்று நாலு வரி நிரல் எழுதினேன். கட்டத்தில் இருப்பதை இடைவெளி பார்த்து வார்த்தை வார்த்தையாகப் பிரி. ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் எழுத்தைப் பெரியதாக்கு. மிச்சத்தை எல்லாம் சின்னதாக்கு. திரும்பச் சேர்த்து அதே கட்டத்தில் வை. இவ்வளவுதான். நன்றாக வேலை செய்தது. ஆனால் எந்தப் பத்தியில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பத்தியிலும் செய் என்று விட்டுவிட்டேன். அது உங்கள் தமிழ்ப் பத்திக்குள்ளும் போனது.

நாம் அப்போது வைத்திருந்த தமிழ் எழுத்துருவுக்கு உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான் அக்கா. உங்களுக்குத் தெரியாததா. சின்ன யூ அடித்தால் ர. ஷிப்டை அழுத்தி யூ அடித்தால் ரு. என் நிரலுக்கு அது தமிழ் என்று தெரியாது. இருளம்மாளின் நடுவில் இருந்த பெரிய யூவைச் சின்னதாக்கியது. ரு, ர ஆகிவிட்டது. கஸ்தூரியம்மாளின் முதல் எழுத்தைப் பெரியதாக்கியது. க, கு ஆகிவிட்டது. பேச்சியம்மாளுக்கு முதல் எழுத்து ஏற்கெனவே பெரியது, மற்றதெல்லாம் சின்னது. அதனால்தான் அந்தப் பதினோரு பேரும் தப்பித்தார்கள்.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். என் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருவே கிடையாது. தமிழ்ப் பத்தி எனக்கு எப்போதும் கமாவும் புள்ளியுமாக இங்கிலீஷ் குப்பையாகத்தான் தெரியும். குப்பை மாறியது எனக்குத் தெரியவில்லை. அதே கோப்பில் சேமித்தேன், காப்புக்கு வைத்திருந்த பிளாப்பியிலும் அதையே ஏற்றினேன்.

இதுவரை நடந்தது தவறு. அடுத்து நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழகுமலை அண்ணன் போன் செய்தார். பேயிங் கெஸ்ட் வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டு கேட்டேன். 'இரளம்மாள்' என்று அவர் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வேலையில் சேர்ந்து நான்காவது நாள். இவனுக்கு ஒரு பட்டியலைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்று மாமா வாயால் கேட்க வேண்டி வருமே என்று பயந்தேன். மாமாதான் என்னைப் படிக்க வைத்தவர். "நான் இங்கிலீஷ் பக்கம் மட்டும்தான் தொட்டேண்ணே. தமிழ்ப் பக்கம் அக்காதான் பாத்திருக்கணும்" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தீர்கள் என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

அப்புறம் எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நாளாகியிருந்தது. என்ன சொன்னாலும் அந்தப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பெரிய எழுத்து எது சின்ன எழுத்து எது என்ற விவரமே அழிந்துவிட்டது, இனி சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றைத்தான் ஏழு வருஷமாகத் தின்கிறேன்.

போன மாதம் உங்களுக்காகக் கம்பெனித் தாளில் 'ஒரு பிழைகூடச் செய்யாத' என்று போட்டது பொய் இல்லை. உண்மையை உங்களுக்குச் சொல்லாமல் தாளுக்கு மட்டும் சொன்னேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நவாஸ்


கம்பம்
23.9.2009

நாகஜோதி அக்காவுக்கு,

பெருநாளுக்கு வந்திருக்கிறேன். நேற்று கூடலூர் பஸ் ஏறினேன். நிறுத்தத்தில் இறங்கி, உங்கள் தெரு எது என்று ஒருவரிடம் கேட்டேன். "யாரு, டைப்புக்கார நாகஜோதியா?" என்றார். உங்களை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மாமா வீட்டில் சாப்பிட்டேன். அவர் எனக்குக் கறியை அள்ளி வைத்தார். அவரிடமும் சொல்லவில்லை.

திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

நவாஸ்


கூடலூர்
18.10.2009, ஞாயிறு

நவாஸுக்கு,

திட்டு வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். திட்டினால் உனக்குப் பாரம் குறையும். அதனால் திட்டப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மலையில் இருந்து திரும்பி, கைகூடக் கழுவாமல் படித்தேன். படித்துவிட்டு அம்மாவின் கார்டை எடுத்தேன். எல்லாரும் திருப்பிக் கொடுத்தபோது அவள் மட்டும் கொடுக்கவில்லை, சுருக்குப் பையில் வைத்திருந்தாள். அதைச் சோற்றுப் பலகையில் வைத்து, பலகை மேல் விரலை வைத்தேன். விசைப்பலகை இல்லாமலே அடித்துப் பார்த்தேன். 'இரளம்மாள்.' ரவில் ஷிப்டை அழுத்தினேன். இருளம்மாள் வந்துவிட்டாள்.

அப்புறம் 'குஸ்தூரியம்மாள்'. முதல் எழுத்தில் ஷிப்டை விட்டேன். வந்துவிட்டாள். நுவையும் நொண்டிக் காலையும் அடித்தேன். நான் வந்துவிட்டேன்.

புரிகிறதா தம்பி? அழிந்துவிட்டது, திரும்ப வராது என்று எழுதியிருந்தாயே. உன் மிஷினுக்கு வராது. எனக்கு வரும். ஒரு எழுத்துக்கு இரண்டே வழி, ஷிப்டோடு அல்லது ஷிப்ட் இல்லாமல். எது பொம்பளைப் பெயர், எது வெறும் சத்தம் என்று எனக்குத் தெரியாதா? சந்தேகம் வந்தால் ஜீப் நிற்கிற இடத்தில் போய்க் கேட்டிருப்பேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பதையும் பத்து நாளில் சரி செய்திருப்பேன். அன்றைக்குப் போனில், "அக்கா, நான் எழுத்தைப் பெருசு சின்னதா மாத்தினேன், அது தமிழ்லயும் ஏறிருச்சு" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும். பத்து நாள். நீ எனக்குக் கொடுத்தது ஏழு வருஷம்.

உன் நாலு வரி எங்களைக் கெடுக்கவில்லை. நீ போனில் சொன்ன ஒரு வரி கெடுத்தது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். 2005-ல் மலைப் பாதையில் ஒச்சாண்டி ஜீப் கவிழ்ந்தது. கஸ்தூரியம்மாளுக்கு நினைவு தப்பிவிட்டது. வேறு வண்டிக்காரர்கள் யாரோ அவளை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யார் என்று சொல்ல ஆள் இல்லை. 'பெண், வயது சுமார் நாற்பது' என்று எழுதியிருந்தது. அவள் புருஷன் மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தான். பிழைத்துவிட்டாள், கவலைப்படாதே. ஆனால் இடுப்பில் ஒரு கார்டு இருந்திருந்தால் அவள் இரண்டு நாள் பெயர் இல்லாமல் கிடந்திருக்க வேண்டாம். அந்த இரண்டு நாளும், கார்டைக் கெடுத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டு நான் சோறு தின்னவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழியோடு பாவத்தையும் நானே சுமந்திருக்கிறேன்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒன்றும் புரியவில்லை. "அப்ப நீ ஒழுங்காத்தேன் அடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் ஜீப்பில் அவள் எப்போதும் உட்காருகிற ஓர இடத்தை எனக்குக் கொடுத்தாள். நீ செய்ததற்கு அவள் வெட்கப்படுகிறாள்.

பள்ளிக்கூட வேலை போய்விட்டது. ஏழாம் தேதி கமிட்டியில் பெரியகுளத்துப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் கடிதம் வந்தது பதினைந்தாம் தேதி.

இனி நான் சொல்கிறதைச் செய். எனக்கு எழுதியதை அப்படியே உன் மாமாவுக்கு எழுது. தபாலில் போடாதே, கையில் கொண்டுபோய்க் கொடுத்து அவர் படிக்கும்வரை எதிரில் நில். அழகுமலை அண்ணனுக்கும் ஒன்று. என்னைப் புகழ்ந்து ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது. நீ செய்தது மட்டும் இருக்கட்டும். என் வீட்டுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் பழைய ஞாபகத்தில் டீ போட்டுக் கொடுத்துவிடுவேன், அது எனக்கு வேண்டாம்.

நாகஜோதி


சென்னை
9.11.2009

நாகஜோதி அக்காவுக்கு,

செய்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கம்பம் வந்தேன். தொழுகை முடிந்து மாமா வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பியவர் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். படித்து முடித்ததும் என்னைப் பார்க்காமல், "ஒங்கம்மாவக் கூப்பிடு" என்றார். அம்மா வந்ததும் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "வாய்விட்டுப் படி" என்றார். படித்தேன். போனில் சொன்ன அந்த வரி வந்தபோது நிறுத்திவிட்டேன். "நிப்பாட்டாத, படி" என்றார்.

முடிந்ததும் இவ்வளவுதான் சொன்னார். "கார்டு போனதுக்கு நான் பொறுப்பை விட்டேன். அது என் விதின்னு வச்சுக்கிறேன். ஆனா ரெண்டு மாசத்துக்கு முந்தி அந்தப் பிள்ளைய எம்முன்னால நிக்க வச்சு நான் கேட்ட கேள்விக்கு, பதிலை நீ வச்சிருந்தே. எங்கூட ஒக்காந்து பெருநாள் சோறும் தின்ட." பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா பேசுகிறார்கள், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

தேவதானப்பட்டிக்கும் போனேன். அழகுமலை அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு, கடையில் நின்ற ஆள்கள் முன்னாலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட வந்து நின்னுச்சேடா அந்தப் பிள்ளை, வெரட்டி விட்டேனேடா" என்றார்.

நான் கம்பெனியில் இதே வேலைதான் செய்கிறேன் அக்கா. மற்றவர்கள் எழுதிய நிரலைப் பார்த்து, எங்கே தப்பு வரும் என்று சொல்கிற வேலை. எல்லாரும் என்னை ரொம்பக் கவனமானவன் என்பார்கள். எழுத்தைப் பெரிது சின்னது ஆக்குகிற வரி எங்கே வந்தாலும் நிறுத்தி, இது எந்தப் பத்திக்கு என்று கேட்பேன். ஏன் இதற்கு மட்டும் இவ்வளவு பயம் என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பட்டியலை மறுபடி செய்வதானால் நான் உதவி செய்கிறேன். இப்போது புது முறை வந்துவிட்டது, பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தொல்லையே தமிழுக்கு இல்லை. விடுமுறை போட்டுவிட்டு வருகிறேன். மன்னிப்பு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் கேட்கிறேன்.

நவாஸ்


கூடலூர்
10.1.2010, ஞாயிறு

தம்பி நவாஸுக்கு,

உன் மாமா நவம்பர் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் மலையில் இருந்து வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம். ஜீப்பை விட்டு இறங்கி அவரைப் பார்த்ததும் அம்மா பயந்துபோனாள். அவர் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "ஒம்மக மேல தப்பில்லைன்னு சொல்லத்தேன் வந்தேன் இருளம்மா. கமிட்டியில வச்சு நாலு பேர் முன்னால கேட்டேன், அதனால நாலு பேரைக் கூட்டிட்டு வந்து சொல்லணும். இங்கன தெருவுல இருக்கவக எல்லாரும் கேட்டுக்கங்க" என்று தெருவையே கூப்பிட்டுச் சொன்னார். அம்மா அழுதாள். நான் அழவில்லை. ஏலக்காய்ப் பையை இறக்கி வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட வேலையைத் திரும்பக் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பெரியகுளத்துப் பெண் என்ன தப்பு செய்தாள்?

சங்கத்தில் பேசி, கார்டு வேலையை மறுபடி எடுத்துவிட்டார். பழைய கார்டு மூட்டை சங்கத்து அறையில் எலி கடித்தது போக அப்படியே இருந்தது. சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மலைக்கும், மூன்று நாள் அங்கேயும் போகிறேன். ஒவ்வொரு கார்டாக எடுத்து விரலால் படித்து, புது எழுத்தில் அடிக்கிறேன். பத்து நாள் என்று பெருமையாக எழுதினேன். பதினாறு நாள் ஆனது. விரல் கொஞ்சம் காய்த்துப் போயிருக்கிறது. நாற்பத்திமூன்று பெயரில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜீப் நிற்கிற இடத்தில் போய்க் கேட்டேன். முப்பத்தேழு பேர் சொன்னார்கள். மிச்சம் ஆறு பேரைக் கேட்க ஆளே இல்லை. இரண்டு பேர் செத்துப்போனார்கள், நான்கு பேர் எந்த ஊருக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆறு கார்டையும் தனியாக வைத்திருக்கிறேன். 2002-ல் என்றால் ஆறு பேரும் ஜீப்பில் இருந்திருப்பார்கள்.

உதவி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். இந்தப் பட்டியலில் நீ கை வைக்கக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை. நீ தொட்டால் நான் மறுபடி மூன்று முறை பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

மன்னிப்பு கேட்டிருந்தாய். அது இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. வந்தால் மறைக்க மாட்டேன், எழுதுகிறேன். உன்னை மாதிரி ஏழு வருஷம் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு.

அம்மாவுக்குப் புதுக் கார்டு முதலில் வந்தது. இருளம்மாள் என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பழையதைத் தா, கிழித்துப் போடலாம் என்றேன். கொடுக்கவில்லை. "அது எம்பேரு இல்லத்தேன். ஆனா எங்கூட ஏழு வருசம் மலை ஏறிருக்கு, கிழிக்கவா சொல்ற?" என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, நேற்று அவளே எடுத்துக் கொடுத்தாள். "அந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு அனுப்பு. இம்புட்டு நாள் நான் வச்சிருந்தேன், இனி அது வச்சிருக்கட்டும்" என்றாள். இத்துடன் இருக்கிறது. பீரோவில் பூட்டி வைக்காதே. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போ.

உறை மேல் இருக்கிற உன் விலாசத்தைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் நான்தான் அடித்தேன். விசைப்பலகையைப் பார்க்கவில்லை. அடித்த பிறகும் ஒரு முறைகூடச் சரி பார்க்கவில்லை, அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். இது உன் கைக்கு வந்திருந்தால், சரியாகத்தான் அடித்திருக்கிறேன்.

நாகஜோதி